ஏரியை விற்றவர்களைக் கேளுங்கள்

“ஏரிக்குள்ள போய் வீடு கட்டுனா தண்ணி வராம வேற என்ன வரும்?”

கார்த்திகை பிறந்தால் இந்தக் கேள்வியும் பிறந்துவிடுகிறது. தொலைக்காட்சி விவாதத்தில் கேட்கிறார்கள். அலுவலகத்தில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கேட்கிறார்கள். மேட்டில் வீடு வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் மாமியாரைக் கைத்தாங்கலாக மொட்டை மாடிக்கு ஏற்றுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன். நான் ஏரியைத் தேடிப் போய் வாங்கவில்லை. எனக்கு ஏரியை விற்றார்கள். விற்றவனுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த விற்பனையைப் பத்திரத்தில் பதிந்து முத்திரைத்தீர்வை வாங்கிக்கொண்டார்கள். கடன் கொடுத்தார்கள். மின் இணைப்பு கொடுத்தார்கள். வீட்டுவரி போட்டார்கள். வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள், வாசலில் வந்து ஓட்டும் கேட்டார்கள். இத்தனை பேரும் காசு வாங்கிய, கையெழுத்துப் போட்ட ஒரு காரியத்தில், தண்ணீர் வந்ததும் குற்றவாளியாக நிற்பது நான் ஒருத்தி மட்டுமா?

நான் எப்போதும்வென்றானில் பிறந்தவள். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில், எட்டயபுரத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் எங்கள் ஊர். சுற்றிலும் கரிசல். புரட்டாசியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மானாவாரிச் சீமை. உளுந்து, பாசிப்பயறு, கம்பு, பருத்தி, மிளகாய், இப்போது மக்காச்சோளம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்தால் தை மாசத்தில் வீட்டுக்கு மூட்டை வரும். பெய்யாவிட்டால் வட்டிக்காரர்தான் வருவார்.

எங்களுக்கு மண்ணும் தெரியாது, தண்ணியும் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கண்மாய்க்கு உள்வாய் எது, மடை எது, மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். வீடு கட்டுவதென்றாலும் கரிசலில் லேசான காரியமில்லை. மழையில் உப்பி, கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிற மண் அது. மேலாக வானம் தோண்டிச் சுவரை எழுப்பினால் இரண்டாம் வருசமே சுவர் விரியும். அதனால் கறுப்பு மண் தீர்ந்து சுக்கான் தட்டுகிற ஆழம் வரை தோண்டி, சரளைப் போட்டுக் கெட்டித்து, அதன் மேல்தான் அஸ்திவாரம் போடுவார்கள். நிலத்தை அப்படிப் பார்த்துப் பார்த்துத் தொடுகிற ஊரில் வளர்ந்தவள்தான், தலைநகரத்தின் ஓரத்தில் தண்ணீருக்குள் நிற்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஏன் தாம்பரத்தைச் சுற்றியே குவிகிறார்கள் என்று சென்னைக்காரர்கள் கேட்பதுண்டு. கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸோ நெல்லை எக்ஸ்பிரஸோ ஏறினால் விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கலாம். அப்போது தெற்கேயிருந்து வந்த பேருந்தெல்லாம் பெருங்களத்தூர் வழியாகத்தான் நகரத்துக்குள் நுழைந்தன. ஊரில் ஒரு சாவு என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியேற வேண்டும், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் ஓட வேண்டும். அதனால்தான் பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துக்கொண்டே நாங்கள் குடியேறினோம். ஊருக்குத் திரும்புகிற வழியை விட்டு விலகிவிடக் கூடாது என்ற பயம்தான் எங்களுக்குப் புறநகரைக் காட்டியது.

வாடகைக்கு இருந்திருக்கலாமே என்பார்கள். இருந்தோம். பத்து மாச அட்வான்ஸ் கொடுத்து இருந்தோம். வாசல் கேட்டைத் தாண்டும் முன்னே “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்ட வீடுகளின் படியேறி இறங்கினோம். ஊரிலிருந்து நான்கு பேர் வந்தால் தண்ணீர் மோட்டாரை நிறுத்துகிற வீட்டுக்காரரோடு காலம் தள்ளினோம். சுவரில் ஓர் ஆணி அடிக்க உரிமை இல்லாத இடத்தில் பிள்ளை பெற்று வளர்த்தோம். சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று ஆசைப்பட்டது பேராசையா?

என்னைப் பெற்ற அய்யா, கரிசலை விற்றார். அவருடைய அய்யா மாட்டைக் கட்டி உழுத காடு அது. வெளியூர் ஆள் ஒருவர் வாங்கினார். இப்போது அந்தக் காட்டில் சூரிய மின் தகடுகள் நிற்கின்றன. அந்தப் பணம், என் கழுத்திலும் காதிலும் கிடந்தது, என் வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்தில் வாங்கிய முன்பணம், இவற்றுக்கு மேல் 20 வருசத்து வங்கிக் கடன். ஊரில் ஏக்கர் கணக்கில் விற்றதற்கு, இங்கே சதுர அடிக் கணக்கில் கொஞ்சம் மண் கிடைத்தது. இது நடந்தது 2012இல்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தானே என்று சொல்பவர்கள், தேர்வு என்றால் என்னவென்று இங்கே வந்து பார்க்க வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கேட்டோம். விலையைக் கேட்டதும் பேசாமல் திரும்பினோம். அங்கிருந்து மேற்கே தள்ளிக் கேட்டோம். இன்னும் தள்ளிக் கேட்டோம். விலை இறங்க இறங்க நிலமும் இறங்கிக்கொண்டே போனது. எங்கள் சம்பளமும் நிலத்தின் விலையும் ஒன்றையொன்று தொட்ட இடம் எதுவோ, அதுதான் தண்ணீர் நிற்கிற இடம். மேடு முழுவதும் முன்னால் வந்தவர்களுக்கும் பணம் உள்ளவர்களுக்கும் போய்விட்டது. பள்ளத்தை எங்களுக்காக வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு வளைவு கட்டி, நகர் என்று பெயர் சூட்டி, தார் போடாத ரோட்டின் இரண்டு பக்கமும் கொடி நட்டு வைத்திருந்தார்கள்.

இடம் காட்ட வேன் வைத்துக் கூட்டிப்போனது சித்திரை வெயிலில். ஐப்பசியில் கூட்டிப்போக மாட்டார்கள் என்பது யாருக்கும் தோன்றாதபடி மோரும் சாப்பாடும் கொடுத்தார்கள். கால் சுடுகிற செம்மண் தரை, நட்டு வைத்த கல், அளந்து போட்ட சுண்ணாம்புக் கோடு. “எட்டு அடியில தண்ணிம்மா. உங்க ஊர்ல இப்படிப் பார்த்திருக்கீங்களா?” என்றார் விற்க வந்தவர். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் அதைச் சொன்னார். குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்த பெண்களின் மகளுக்கு, எட்டு அடியில் தண்ணீர் என்பது எப்படிப்பட்ட சொல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தாகத்தைத் தெரிந்துகொண்டு, அந்தத் தாகத்திடமே பள்ளத்தை விற்றார்கள். என் நெஞ்சு இன்றுவரை ஆறாதது இதற்குத்தான்.

தாள்களைப் பார்க்கவில்லையா என்றால், எல்லாவற்றையும் பார்த்தோம். தாய்ப் பத்திரம் பார்த்தோம். 30 வருசத்துக்கு வில்லங்கச் சான்று போட்டோம். பட்டா, சிட்டா, நில அளவை வரைபடம் எல்லாம் இருந்தன. மனைப்பிரிவுக்கு அனுமதி எண் இருந்தது. வங்கியின் வக்கீல் ஆவணங்களைப் படித்து ஒப்புதல் கொடுத்தார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் நேரில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தத் தாள்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் பெரிய கொடுமை. புறம்போக்கை வளைத்து விற்றிருந்தால் மோசடி என்று புகார் கொடுக்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். எங்களுடையது பட்டா நிலம். ஏரி நிரம்பினால் தண்ணீர் ஏறி நிற்கும், வற்றினால் பயிர் வைப்பார்கள் என்று காலங்காலமாக இருந்த உள்வாய்ப் பட்டா. வில்லங்கச் சான்று, அந்த நிலத்தை யார் யாருக்கு விற்றார்கள் என்று சொல்லும். அந்த நிலத்துக்கு எந்த மாசம் தண்ணீர் வரும் என்று சொல்லாது. சொல்ல வேண்டியது விளைநிலத்தை வீட்டுமனையாக மாற்றிக் கொடுத்த அலுவலகம். அதன் கையில் கிராமக் கணக்கு இருந்தது. ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் எது, கலங்கல் எங்கே, உபரித் தண்ணீர் ஓடுகிற வழி எது என்ற வரைபடம் அரசாங்கத்திடம்தான் இருந்தது. என்னிடமா இருந்தது?

வீட்டு வேலை தொடங்கியபோது அய்யா ஊரிலிருந்து வந்தார். கழிவுத் தொட்டிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே மூன்றடிக்குச் செம்மண்ணும் இடித்த கட்டடத்தின் செங்கல் சில்லும் வந்தன. அதற்குக் கீழே மண்ணின் நிறம் மாறியது. வழவழவென்று சாம்பல் பூத்த கறுப்பு. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. அதில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடு, மக்கிப்போன கோரைக் கிழங்கு. அய்யா குழிக்குள் இறங்கி, ஒரு கை அள்ளி உருட்டி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒவ்வொரு கோடையிலும் கண்மாயில் மண்ணை வெட்டி வண்டி வண்டியாகக் காட்டில் கொட்டியவர் அவர்.

“தாயி, இது கம்மாக் கரம்பையில்ல?” என்றார்.

அதற்குள் பத்திரம் பதிந்தாகிவிட்டது. கடனின் முதல் பகுதி கைக்கு வந்து, சிமெண்டும் கம்பியும் இறங்கிவிட்டன. ஊரில் காடு கைமாறிவிட்டது. அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. படிக்காத சம்சாரி ஒரு கைப்பிடி மண்ணில் கண்டுபிடித்ததை, அளவுச் சங்கிலியும் வரைபடமும் பட்டமும் வைத்திருந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்று என்னை நம்பச் சொல்கிறீர்களா?

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் கரிசல் பக்கத்தில் ஒரு வருசம் முழுக்கப் பெய்தாலே பெரிய மழை என்று சொல்லத்தக்க அளவில் முக்கால் பங்கு ஒரே நாளில் கொட்டியது. தண்ணீர் தெருவழியாக வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது முதலில் வந்தது கழிப்பறை வழியாக. கோப்பையிலிருந்து பொங்கி, கறுப்பாக, நாற்றத்தோடு கூடத்துக்கு நடந்து வந்தது. பிறகு வாசல் வழியாக ஏரியே வந்தது. ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. அரிசி மூட்டை ஊறி வெடித்தது. பிள்ளையின் பாடப் புத்தகங்கள் கூழாயின. மொட்டை மாடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய நின்றோம். எங்களை மீட்டவர்கள் கடற்கரையிலிருந்து படகைக் கொண்டுவந்த மீனவர்கள். அவர்களுக்குக் கோடி கும்பிடு. எங்கள் மூலப் பத்திரம் மட்டும் வங்கிப் பெட்டகத்தில் நனையாமல் இருந்தது. அந்த மாசத்துத் தவணையையும் தேதி தவறாமல் கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஊரெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே பேசியது. நொடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றிப் பேச வேண்டியதுதான். அடையாற்றின் கீழ்க்கரையில் இருந்தவர்களை அது அழித்தது. ஆனால் நாங்கள் இருக்கிற முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துக்கு வந்தது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை. அந்த ஏரியின் உபரி திருநீர்மலைப் பக்கத்தில்தான், எங்களுக்குக் கீழேதான், அடையாற்றில் சேருகிறது. எங்களுக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர், படப்பை என்று மேலே இருக்கிற ஏரிகளின் தண்ணீர். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு விடுகிற சங்கிலி ஏரிகள் அவை. செங்கல்பட்டுச் சீமையே ஏரிச் சீமை என்று பெயர் வாங்கியது. அந்தச் சங்கிலியின் கண்ணிக்குக் கண்ணி மனைப்பிரிவு போட அனுமதித்துவிட்டு, தண்ணீர் வழி தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்வது எந்த நியாயம்? அந்த வெள்ளம் மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கையே சொன்னது. அந்த மனிதர்கள் யார்? ஒருவர் பெயராவது வெளியே வந்ததா? ஒருவர் சம்பளத்திலாவது ஒரு ரூபாய் பிடித்தார்களா? அந்த மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் செத்தவர்கள் 400 பேருக்கு மேல். எங்களுக்கு வந்தது 5,000 ரூபாய் நிவாரணம்.

2021 நவம்பரில் மறுபடி தண்ணீர் வந்தது. 2023 டிசம்பர் 3, 4இல் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்தது. இந்தத் தடவை 6,000 ரூபாய். சேற்றை வாரிக் கொட்டி, பினாயில் ஊற்றிக் கழுவி, ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நினைத்தோம். டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடிச் சீமை முழுகியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே கிடந்தார்கள். எங்கள் கரிசலில் பூவும் பிஞ்சுமாக நின்ற உளுந்தும் பாசியும் தண்ணீருக்குள் அழுகின. இங்கே வீடு, அங்கே வெள்ளாமை. இரண்டும் ஒரே மாசத்தில். தங்கை போனில் அழுதாள், நான் இங்கே அழுதேன். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

ஏரியில் வீடு கட்டும் பழக்கத்தை நாங்களா இந்த நகரத்துக்குக் கொண்டுவந்தோம்? 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை இன்னும் இருக்கிறது, ஏரியைக் காணோம். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அரசாங்கத்தின் வீட்டுவசதித் திட்டத்தில் மனை வாங்கியவர்கள் ‘மொகப்பேர் ஏரித் திட்டம்’ என்றே இன்றும் முகவரி எழுதுகிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பில் நகரத்துக் குப்பையைக் கொட்டியது யார்? மீந்திருக்கும் 1,247 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சார் ஈரநிலத் தகுதி வாங்கியதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், மீதிச் சதுப்பு எங்கே போனது என்று சொல்ல வேண்டாமா?

அடையாறு, கூவம் கரைகளில் குடிசை போட்டிருந்த ஏழைகளைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளத்தில் செத்துப்போவீர்கள் என்று சொல்லிக் கொண்டுபோய், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் சதுப்பின் ஓரத்தில் இறக்கினார்கள். எனக்காவது ஒரு மனையைப் பார்த்துச் சரி என்று சொல்ல வாய்ப்பு இருந்தது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் குமுறலுக்கு முன்னால் என்னுடையது சின்னது. அதை மறைத்துப் பேசினால் நான் மனுசி இல்லை.

சட்டம் இல்லாமல் நடந்ததா இதெல்லாம்? குளம், ஏரிகளை வேறெதற்கும் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. நீர்நிலைகளைக் காக்கச் சொல்லி 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே போட்டது. நான் மனை வாங்கியது அதற்கு 5 வருசம் கழித்து. அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட 2016 செப்டம்பர் வரை ஆனது. அதுவரை பதிந்தவற்றை என்ன செய்வது என்றபோது, கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளுங்கள் என்று 2017இல் திட்டம் வந்தது. அதாவது, அனுமதியில்லாத மனையை விற்றவன் போய்விட்டான். வாங்கியவர்கள் இன்னொரு தடவை பணம் கட்டினார்கள். மனையில் மட்டுமில்லை, கட்டடத்திலும் இதே கதைதான். 2014 ஜூன் 28இல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். வயிற்றுப் பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள் செத்தார்கள், அதில் வீடு வாங்கப் பணம் கட்டியவர்கள் தெருவில் நின்றார்கள். கட்டியவன் பிழை, அனுமதித்தவன் பிழை. விலை கொடுப்பது எப்போதும் கடைசியில் நிற்கிறவன்.

என் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. பல வருசமாக வீட்டுவரி கட்டிய ரசீதும் மின் கட்டண அட்டையும் அவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆக்கிரமிப்பாளர் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வீட்டு அம்மா, பூ கட்டி விற்று மகனைப் பாலிடெக்னிக் படிக்கவைத்தவர், அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, “இது என்ன சொல்லுதும்மா?” என்று கேட்டார். படித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏரியிலிருந்து தண்ணீர் போகிற வழியில் பெரிய மதில் கட்டிய இடங்களும் அங்கே இருக்கின்றன. அந்த மதிலில் எந்தத் தாளும் ஒட்டவில்லை.

உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் வெள்ளத்தைத் தடுக்க 1940களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். தண்ணீர் ஏறி நிற்கக்கூடிய நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. வாங்காமல் விட்ட இடத்தில் மனை போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள், நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறோம் என்று தெரியாமலே குடியிருந்தன. 2017இல் ஹார்வி புயலில் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அங்கே வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் அந்த நாட்டு நீதிமன்றம், உங்கள் அணையின் தண்ணீரை இவர்கள் வீட்டில் தேக்கியதற்கு அரசாங்கம்தான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே வீட்டுக்காரனைப் பார்த்து ஏன் வாங்கினாய் என்று கேட்டதோடு நீதி முடிந்துவிடவில்லை. அரசாங்கத்தையும் கேட்கலாம் என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கும்போது, எங்களுக்கு மட்டும் அந்தக் கதவு ஏன் மூடியிருக்கிறது?

இரக்கம் வேண்டாம். பிரட் பாக்கெட்டும் போர்வையும் வேண்டாம். கேட்பது கணக்கு. ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் அனுமதி கொடுத்த அதிகாரியின் பெயரும் பதவியும் வாங்குகிறவரின் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அந்த நிலம் பழைய கிராமக் கணக்கில் என்னவாக இருந்தது, அது எந்த ஏரியின் உள்வாய், எந்த வருசம் எத்தனை அடித் தண்ணீர் நின்றது என்பதைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். வில்லங்கம் என்றால் கடன் மட்டும்தானா? வருசா வருசம் தண்ணீர் வருவதைவிடப் பெரிய வில்லங்கம் எது? இன்று மனை வாங்கினால் 100 ரூபாய்க்கு 9 ரூபாய் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகக் கட்டுகிறோம். அந்த 9 ரூபாய்க்கு அரசாங்கம் எங்களுக்குத் தர வேண்டிய உத்தரவாதம் என்ன? நீர்நிலை என்று சொல்லி வீட்டை இடிக்கிற நாளில், அந்த மனைக்கு வாங்கிய தீர்வையையும் வரியையும் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு இடிக்கட்டும். மதிப்பீட்டாளரை அனுப்பி, நல்ல இடம் என்று எழுதி வாங்கிக் கடன் கொடுத்த வங்கி, வெள்ளம் வந்த வருசத்துத் தவணையில் தன் பங்கைத் தாங்கட்டும். ஆற்றை அகலப்படுத்த எங்கள் வீடு தடையென்றால் சொல்லுங்கள், போகிறோம். மேட்டில் அதே அளவு மண்ணைக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். ஏரி ஏரியாக இருக்க வேண்டும் என்பதில் கரிசல்காட்டுக்காரிக்கு இருக்கிற அக்கறை உங்களில் எவருக்கும் குறைந்ததில்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022 அக்டோபரில் அரசாணை வந்துவிட்டது. கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறந்தது. தெற்கேயிருந்து வருகிறவர்கள் இப்போது அங்கேதான் இறங்குகிறார்கள். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஏரிகளின் ஓரத்தில் புதுக் கொடிகள் பறக்கின்றன, வேன்கள் ஓடுகின்றன, பந்தலில் மோர் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் நாற்கரச் சாலையை ஒட்டிக் கரிசலில் கல் நட்டு, வளைவு கட்டி வைத்திருக்கிறார்கள். ஓடை போகிற தடத்தில் சரள் அடித்து ரோடு போடுகிறார்கள். மழையில்லாத வருசங்களில் ஓடை இருந்ததே மறந்துவிடும். 2023இல் வந்ததைப் போல ஒரு மழை வந்தால் அது தன் தடத்தைத் தேடி வரும். அப்போது அங்கே ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

இந்த வீட்டை விற்றுவிட்டு வேறு இடம் பார் என்று பலர் சொல்கிறார்கள். தை, மாசியில் வெள்ளையடித்து, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை மறைத்து, சித்திரை வெயிலில் ஆளைக் கூட்டிவந்து காட்டினால் விற்றுவிடலாம். தாள்களும் சுத்தமாகத்தான் இருக்கின்றன. போன கோடையில் ஒரு குடும்பம் வந்தது. சாத்தூர்ப் பக்கம். அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கிட்ட தண்ணியாக்கா!” என்று சந்தோசப்பட்டாள். அவளை உட்காரவைத்து, 2015இலிருந்து நடந்தது எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். கடன் கழுத்தை நெரிக்கிற எனக்கே, இன்னொருத்தியின் தலையில் இந்தத் தண்ணீரைக் கட்ட மனசு வரவில்லை. எனக்கு முன்னால் இந்த மண்ணின் மேல் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரில் ஒருவருக்காவது அந்த மனசு இருந்திருந்தால், எங்கள் அய்யாவின் கரிசல் இன்றும் எங்களிடம் இருந்திருக்கும்.